விதை முளைக்கவில்லையா, முளைத்துச் சாகிறதா? கேள்விகளும் பதில்களும்

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்துக் கொடுப்பது என் தொழில். ஆடிப்பட்டம் நெருங்குவதால் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதை மோசம் என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் நிறையப் பேர் உண்மையில் தங்கள் பூவாளியைத்தான் திட்ட வேண்டும்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, டிஷ்யூ பேப்பரில் முளைக்கவைத்து நடுவதா, குழித்தட்டா, நேராகத் தொட்டியில் போடுவதா? எது பெஸ்ட்?

எந்த விதை என்று சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை. வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி, கேரட், கீரை எல்லாம் நேரடி விதைப்புதான். முள்ளங்கியையும் கேரட்டையும் பிடுங்கி நட்டால் கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துக் கோணலாகப் போகும், வெண்டைக்கு ஆணிவேர் அடிபட்டால் பத்து நாள் அப்படியே நிற்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் குழித்தட்டுதான் என் ஓட்டு. கழுவிய கோகோபீட்டை (தேங்காய் நார்த் தூள்) நிரப்பி, விரல் நுனியால் அரை சென்டிமீட்டர் பள்ளம் செய்து, குழிக்கு ஒரு விதை போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே பாலித்தீன் தாளைச் சுற்றிவிடுவோம். உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் தங்குவதால் முளைக்கிறவரை பெரும்பாலும் மறுபடி தண்ணீரே வேண்டியிருக்காது. ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே பிரித்து வெளிச்சத்தில் பரப்பிவிட வேண்டும், ஒரு நாள் சோம்பினாலும் வெளுத்து நீண்டுவிடும்.

டிஷ்யூவை நான் குறை சொல்ல மாட்டேன். பாகல், பீர்க்கு போன்ற தடித்த தோல் விதைக்கும், பழைய விதையில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அது நல்ல வழி. ஆனால் பலரும் முளை நன்றாக வரட்டும் என்று காத்திருந்து, வேர் காகிதத்துக்குள் ஓடிப் பின்னிக்கொண்ட பிறகு பிய்த்து எடுக்கிறார்கள். வெள்ளை முனை அரை சென்டிமீட்டர் தெரிந்ததும் மண்ணுக்குப் போய்விட வேண்டும், வேரைத் தொடாமல் விதையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வேர் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், அந்தக் காகிதத் துண்டோடு சேர்த்தே நட்டுவிடுங்கள், மண்ணில் மக்கிப்போகும்.

திருச்சியிலிருந்து: தக்காளி நன்றாக முளைத்தது. ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகத் தரையோடு படுத்துவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று காலை மாலை ஊற்றினேன், இன்னும் வேகமாகச் சாகிறது.

செத்த நாற்றை எடுத்துத் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும், அந்த இடம் மட்டும் நீர்கோத்து, சுருங்கி, நூலாக இளைத்திருக்கும். அப்படியிருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சணங்கள் செய்கிற வேலை, நின்ற ஈரமும் நெருக்கமும்தான் அதற்குத் தீனி. நீங்கள் இரண்டு வேளை ஊற்றியது அதற்கு விருந்து வைத்த மாதிரி.

விழுந்தது எழாது, மஞ்சள் தூள் போட்டாலும் சாம்பல் போட்டாலும் எழாது. விழுந்தவற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீரை நிறுத்தி மேல்மண் காயட்டும், காற்று படும் இடத்துக்குத் தட்டை மாற்றுங்கள். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். வேண்டாம் என்கிறவர்கள் அடுத்த முறை விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை விதையில் பூசி விதை நேர்த்தி செய்துகொள்ளுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம்தான் கணக்கு, உங்கள் ஒரு பாக்கெட்டுக்குச் சிட்டிகை போதும். சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா என்றால் கிலோவுக்கு 10 கிராம். தயவுசெய்து காப்பர் மருந்தையும் இந்த உயிர் மருந்துகளையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரை நீங்களே கொன்றுவிடுவீர்கள். இன்னொன்று, போன முறை நாற்று அழுகிய கோகோபீட்டையே திரும்ப நிரப்பாதீர்கள். தட்டைக் கழுவி நல்ல வெயிலில் காயப்போட்டு எடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் எப்போதுதான் தண்ணீர் விடுவது?

தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் வேண்டாம். மேலே வெளிறிக் காய்ந்து தெரிந்தாலும் விரலை விட்டுப் பாருங்கள், கோகோபீட் மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருக்கும். காலையில் விடுங்கள், ராத்திரி ஈரத்தோடு தூங்கவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து: பாகல் விதை மூன்று வாரமாகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகியிருக்கிறது.

தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போக நேரமாகும், அதற்குள் ஈர மண்ணில் அழுகிவிடுகிறது. கூர்முனைப் பக்கம் ஓட்டின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளுங்கள். உள்ளிருக்கும் பருப்பு வெட்டுப்படக் கூடாது, ஓடு திறந்தால் போதும். இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் முடிந்து, கதகதப்பான மூலையில் வையுங்கள், எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். துணி பிழிந்த ஈரத்தில் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. வெள்ளை மூக்கு தெரிந்ததும் காகிதக் கோப்பையில் கூர்முனை கீழே போகும்படி வைத்து மூடுங்கள். பீர்க்கு, புடலைக்கும் இதேதான். ஆனால் அவரையையும் பீன்ஸையும் இப்படி இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள், தோல் வெடித்து, காற்றில்லாமல் அழுகும்.

கோவையிலிருந்து: ஒரு பாக்கெட் மிளகாயில் பாதிதான் முளைத்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பாதி என்றால் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நூற்றுக்கு நூறை எதிர்பார்க்காதீர்கள். நம் நாட்டு விதைச் சான்றளிப்பில் மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறனே 60 சதவீதம்தான், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. பாக்கெட்டின் பின்னால் பரிசோதித்த தேதி இருக்கும், சான்று பெற்ற விதைக்கு அதிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லுபடி. அதைப் பார்க்காமல் பூப்படத்தைப் பார்த்து வாங்குகிறோம். எத்தனை நாள் பொறுத்தீர்கள் என்றும் சொல்லவில்லையே! தக்காளி ஒரு வாரத்தில் வந்துவிடும், மிளகாய் இரண்டு வாரமும் எடுக்கும், மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும்.

சந்தேகம் என்றால் பத்து விதையை ஈரத்துணியில் போட்டு எண்ணிப் பாருங்கள். தண்ணீரில் மிதப்பதெல்லாம் பொக்கு என்று ஒதுக்குவதை மிளகாய், தக்காளிக்குச் செய்யாதீர்கள், காய்ந்த நல்ல விதையும் மிதக்கும்.

மயிலாப்பூரிலிருந்து: சமையலறை மல்லியைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. பாலக் விதையில் ஒன்று போட்டால் மூன்று வருகிறது. என்ன கூத்து இது?

மல்லி உருண்டை ஒன்றுக்குள் இரண்டு விதை உண்டு. தரையில் பரப்பிச் செருப்பாலோ கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள், மாவாக்கிவிடாதீர்கள். சென்னை கோடையில் அது அடம்பிடிக்கும், மழைக்காலம் முடிந்ததும் போடுங்கள். நம்மூர் பாலக் பீட்ரூட்டின் சொந்தக்காரன், அந்தக் கரடுமுரடான கொட்டை பல விதைகள் ஒட்டிய கொத்து. அதனால்தான் மூன்று வருகிறது, ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிச் சமைத்துவிடுங்கள்.

விருதுநகரிலிருந்து: கீரை விதை தூவினால் மறுநாளே எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகிறது.

விதையை மணலோடு கலந்து தூவி, மேலே சன்னமாக மண் போர்த்துங்கள். தொட்டி ஓரத்தில் கொஞ்சம் ரவையோ நொய்யரிசியோ போட்டுவையுங்கள், அதைச் சுமந்து முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும்.

பெங்களூரிலிருந்து: என் நாற்றெல்லாம் குச்சியாக நீண்டு சாய்கிறது. உரம் போடலாமா?

உரம் போட்டால் இன்னும் நீளும். ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? வெளிச்சம் போதாமல் தேடி ஓடுகிறது. முளைத்த முதல் நாளிலிருந்தே காலை வெயில் வேண்டும், உச்சி வெயிலுக்கு மட்டும் பச்சை வலை. தக்காளியை மட்டும் காப்பாற்றிவிடலாம்: மாற்றி நடும்போது வித்திலைவரை (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) மண்ணுக்குள் இறக்குங்கள், புதைந்த தண்டிலிருந்து வேர் வரும். மிளகாய்க்கு இது அவ்வளவாக எடுபடாது. உரம் என்றால் வித்திலைக்குப் பிறகு வரும் உண்மையான இலை இரண்டு விரிந்த பிறகு போதும். அதற்கு முன் வித்திலைச் சாப்பாடே அதற்குக் காணும். பிறகு அந்த வித்திலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு, பயப்படாதீர்கள்.

தஞ்சையிலிருந்து: பூசணி முளை விதைத்தோலைத் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டே நிற்கிறது, கழற்றலாமா?

காய்ந்த நிலையில் இழுத்தால் வித்திலையும் சேர்ந்து வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கழித்து, இரண்டு விரலால் மெதுவாக நெகிழ்த்துங்கள். விதையை மேலாகப் போட்டதால் வருவது இது. இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் வெளியே வரும்போதே மண் அதை உருவிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து: பப்பாளிப் பழத்து விதையை அப்படியே போட்டேன், வரவில்லை.

மேலேயுள்ள வழவழப்பான பை முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்திப் போடுங்கள், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தக்காளிப் பழத்திலிருந்து எடுத்தாலும் சாறோடு இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மிச்ச விதையை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? பாட்டி சாணியில் பதித்து வைப்பார்.

பாட்டி சுரை, பூசணி விதைகளைச் சாண வரட்டியில் பதித்துச் சுவரில் தட்டியிருப்பார், பூச்சி அண்டாது. அதுவும் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் என்றால் விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மூடி இறுக்கமான பாட்டிலில் போட வேண்டும். எடுக்கும்போது உடனே திறக்காதீர்கள், பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து விதை ஈரமாகிவிடும். வெங்காய விதையை மட்டும் இப்படிச் சேர்த்து வைக்கப் பார்க்காதீர்கள். அதன் உயிர் வேகமாகப் போய்விடும், வருஷா வருஷம் புதிதாக வாங்குவதே நல்லது.