குளிர் தேங்கும் மூலை

வணக்கம் அண்ணா,

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் வீடு வாங்கி இரண்டு வருடம். போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று பின்வளவில் பாத்தி கட்டி, கடையில் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள் வாங்கி, மே 10ஆம் திகதி நட்டேன். அந்தக் கிழமை 24 பாகை வரை வெயில் எறித்தது. எங்கள் பகுதியின் கடைசி உறைபனித் திகதி தாண்டிவிட்டது என்றே இணையத்திலும் போட்டிருந்தது. மூன்றாம் நாள் இரவு எல்லாம் கருகிவிட்டன. வானிலையில் 2 பாகை என்றுதான் சொன்னார்கள். காலையில் அம்மா கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் நின்றார். இந்த மண் எங்களை ஏற்காது போல. சரியான திகதி எது? மண்ணைச் சூடாக்கும் பாய் வாங்கலாமா? முருங்கை நடலாமா?

க.

அன்புள்ள தம்பி,

போன கிழமை வேலி திருத்த வந்தவர், "மூலையில் கீழ்ப்பலகை இரண்டைக் காணவில்லை, போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இருந்தால் உங்கள் கடிதம்.

ஏச வேண்டியதை முதலில் ஏசிவிடுகிறேன். மண் ஏற்கவில்லையாம்! பத்துக் கத்தரிக்கன்று கருகினதற்கு இவ்வளவு பெரிய பேச்சா? 2012இல் மார்ச் மாதமே கோடைபோல எறித்தது. ஆப்பிள் மரங்கள் நம்பிப் பூத்தன. ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனியில் ஒன்ராறியோவின் ஆப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய 80 வீதம் போய்விட்டது. தலைமுறையாக இங்கே மரம் வளர்க்கிறவர்களுக்கே அந்தக் கதி. அவர்களையும் மண் ஏற்கவில்லை என்பீர்களா? கடையில் கன்று வந்துவிட்டால் நடும் காலம் வந்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? கடைக்காரருக்குத் தேவை விற்பனை. உங்கள் கன்று செத்தால் அவர் இன்னொன்று விற்பார்.

அடுத்தது அந்தத் திகதி. நாங்கள் நாள் பார்த்துப் பழகின சனம், பஞ்சாங்கம் போனால் இணையம். கடைசி உறைபனித் திகதி என்று பெரும்பாலான பட்டியல்களில் போடுவது பல வருடங்களின் சராசரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் பிறகும் உறைபனி விழும் என்பதுதான் அதன் பொருள். இங்குள்ள பழைய ஆட்கள் விக்டோரியா தின வார இறுதிவரை பொறுப்பது சும்மா இல்லை. அந்த விடுமுறைத் திங்கள் மே 18க்கும் 24க்கும் இடையில்தான் வரும். கத்தரிக்கு அதுகூடப் போதாது. இரவு 10 பாகைக்குக் கீழே போகாத வரைக்கும் அது நட்ட இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்குமே தவிர வளராது.

அந்த 2 பாகையும் உங்கள் வளவின் 2 பாகை இல்லை. வானிலைக்காரர் வெப்பமானியை நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், திறந்த வெளியில் வைத்து அளக்கிறார்கள். முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். மேலே 2 என்றால் கன்று நிற்கும் இடத்தில் பூச்சியத்துக்குக் கீழே இருக்கலாம். முகில் மூடின இரவென்றால் இவ்வளவு பயமில்லை, அது போர்வை.

இதை எனக்குச் சொல்லித் தந்தது என் அம்மா. 1996இல் வந்தவர். முதல் இலையுதிர்காலத்தில் உறைபனி எச்சரிக்கை சொன்ன இரவு, தன் பழைய நூற்சீலைகளை எடுத்துப் போய் ஒவ்வொரு கத்தரிக்கும் சுற்றி, காற்று இழுக்காமல் தண்டோடு இறுக்கிக் கட்டிவிட்டார். குழந்தைக்குக் குளிருக்குச் சுற்றுவதுபோல. காலையில் புல் உப்புக் கொட்டினதுபோல வெள்ளை. சீலையை அவிழ்த்தால் உள்ளே இலைகள் வெந்த கீரை. சூடு செடியில் இல்லை, பகல் முழுக்க வெயில் குடித்த மண்ணில் இருக்கிறது. தண்டோடு கட்டினால் அந்தச் சூட்டை வெளியே விட்டுக் கதவை மூடின மாதிரி. அடுத்த முறை தடி நட்டு, அதன்மேல் சீலையைப் போட்டு, நிலம்வரை விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்தார். பின்னேரமே பாத்திக்குத் தண்ணீரும் விட்டார். ஈரமண் காய்ந்த மண்ணைவிடச் சூட்டைப் பிடித்து வைக்கும். அந்தக் கத்தரி பிறகும் இரண்டு கிழமை காய்த்தது.

வேலி மூலைத் தக்காளி மட்டும் எந்த வருடமும் முதலில் போகும். ஒருநாள் இரவு பத்து மணிக்கு ரோச் லைட்டோடு அங்கே போய் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து நில். இப்ப அங்கால போய் நில். தெரியுதே? தண்ணி தேங்கிற மாதிரிக் குளிர் தேங்கி நிக்குது. வரம்பை வெட்டிவிடு." வரம்பு என்றது வேலியை. நான் சிரித்தேன். வயலுக்குத் தண்ணீர் கட்டின மனுசி, காற்றுக்கும் வாய்க்கால் வெட்டச் சொல்கிறாரே என்று. குளிர்காற்று கனமானது, சரிவில் தண்ணீர்போல இறங்கும், அடைத்த வேலி அதை மறித்துக் குளமாக்கும் என்று பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். அதற்குள் கீழ்ப்பலகை இரண்டையும் கழற்றிவிட்டிருந்தார். அதன் பிறகும் வேலியோரம் வெள்ளை பிடித்தது, ஆனால் தக்காளிப் பாத்தி தப்பியது. அம்மா போய் மூன்று வருடம். அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும்.

சூடாக்கும் பாய் வீட்டுக்குள் விதை முளைக்க வைக்க. வாங்க விருப்பமென்றால் வாங்குங்கள். முருங்கையைப் பெரிய சாடியில் வைத்து, செப்டெம்பர் நடுவில் உள்ளே எடுங்கள். காய் எதிர்பார்க்க வேண்டாம், வறைக்கு இலை கிடைக்கும். மிளகாயையும் அப்படியே உள்ளே எடுக்கலாம். பச்சைத் தக்காளியை உறைபனிக்கு முன்பே பிடுங்கிப் பேப்பரில் சுற்றிவைத்தால் ஒவ்வொன்றாகப் பழுக்கும்.

கன்று ஜூன் முதல் கிழமையிலும் கடையில் கிடைக்கும். அதற்கு முன் ஒன்று. அம்மா ஒன்றும் பேசாமல் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலையில்தான் நின்றார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கத்துக் கன்று முதலில் கருகினது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். கேட்டீர்களா?