தையல் அக்கா பதில்கள்: தோளுக்கு வாங்குங்கள், இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம்

ரெடிமேட் துணி சரியாக அமையவில்லை என்று வந்த கடிதங்களுக்கு, கும்பகோணத்தில் பெண்களுக்கான தையல் கடை நடத்திவரும் தையல் அக்கா இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்குச் சுடிதார் எடுக்கப் போனேன். மார்புக்குச் சரியாக இருக்கும் எக்ஸெல் சைஸில் கை நுழையவில்லை. டபுள் எக்ஸெல்லில் கை நுழைகிறது, ஆனால் தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது. கடைப் பெண் எல்லார் முன்னாலேயும், "உங்க உடம்புக்கு இங்க எதுவும் வராதுக்கா" என்று சொல்லிவிட்டாள். என் உடம்பில்தான் கோளாறா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை தங்கச்சி. அந்தப் பெண் சொன்னதை முதலில் மனசிலிருந்து தூக்கிப் போடுங்கள். நாற்றுப் பறித்து, குனிந்து நட்டு, அறுப்புக் காலத்தில் கட்டுத் தூக்கும் கையில் சதைப்பிடிப்பு இருக்கத்தான் செய்யும். என்னிடம் ஜாக்கெட் தைக்க வரும் நடவுக்காரப் பெண்களுக்கு டேப்பைப் பிடித்தால் மார்பு 36, மேல்கை 13 என்று வரும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதே 36 மார்புக்குக் கை 11 வந்தால் அதிகம். ரெடிமேட் சுடிதார் அந்த இரண்டாவது பெண்ணை நினைத்து வெட்டியது.

கம்பெனியில் சைஸ் போடும் விதம் இதுதான். ஏதோ ஒரு சைஸில் மாதிரி தைத்து, ஒரு பெண்ணுக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகு அந்தப் பேட்டர்னையே கணக்குப்படி பெரிசாக்கியும் சின்னதாக்கியும் மற்ற சைஸ்களை எடுப்பார்கள். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் மார்பில் இரண்டு அங்குலம் கூடும். அதோடு சேர்ந்து தோள், கழுத்து, கை எல்லாம் ஒரு கணக்கில் ஏறும். மனுஷ உடம்பு இந்தக் கணக்குக்கு எங்கே வளர்கிறது? சதை போட்டால் மார்பும் வயிறும் கையும் பெருக்கும். தோள் எலும்பு நீளுமா? டபுள் எக்ஸெல் எடுத்தால் தோள் வழிவது அதனால்தான்.

நம் நாட்டு உடம்புக்கு என்று சொந்த அளவுப் பட்டியல் வேண்டும் என ஆடை வடிவமைப்பு கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனரில் நிற்கவைத்து அளவெடுப்பது என்பது திட்டம். கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஆறில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. ஆறுமே நகரங்கள். நீடாமங்கலத்தில் நடவு நடுகிறவளின் கை அளவை யார் எடுப்பார்கள்? வயலில் வேலை செய்கிற பெண்ணும் குறுவை அறுத்த காசில் துணி எடுக்கிறாள். அவளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இப்போது உங்கள் தீபாவளிக்கு வருவோம். எக்ஸெல்லையே எடுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். தோளை மாற்றுவதென்றால் கையைப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அது கிட்டத்தட்ட புதுசு தைக்கிற வேலை, கூலியும் அப்படித்தான். கையை இளக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. கையின் அடித்தையலையும் பக்கத்தையலையும் சேர்த்துப் பிரித்து, கை ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே நீளப் பட்டையாகத் துணி வைக்கச் சொல்லுங்கள். தைத்தபின் அக்குள் இடத்தில் இரண்டு அங்குலம் நிற்கும்படி வைத்து, இடுப்புக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் கூராக்கிவிடலாம். கை தூக்கும்போது இழுக்காது. பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதே வேலைதான் இது. துணிக்கு எங்கே போவது என்றால், டாப்ஸ் முழங்காலுக்குக் கீழே வருகிறதென்றால் அடியில் நாலு அங்குலம் வெட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பேண்ட்டின் நிறத்திலேயே வையுங்கள், வேண்டுமென்றே வைத்த டிசைன் மாதிரி அமைந்துவிடும்.

கேள்வி: ஒரே கம்பெனி, ஒரே 'எல்' சைஸ், இரண்டு நிறம். ஒன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, இன்னொன்று இறுக்கிப் பிடிக்கிறது. எப்படி?
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள் பாப்பா. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் கொஞ்சம் நகரும். தையலிலும் கொஞ்சம் நகரும். மார்பில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பல கம்பெனிகள் பாஸ் செய்துவிடும். ஒன்று அரை கூடி, இன்னொன்று அரை குறைந்தால் உங்களுக்கு ஓர் அங்குல வித்தியாசம். அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்க்க இடமில்லாத கடையில் மேஜைமேல் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து இரண்டால் பெருக்குங்கள். 20 வந்தால் மொத்தம் 40. அது 37, 38 மார்புக்குத்தான் சௌகரியம். ஆன்லைனில் பட்டியல் பார்க்கும்போதும் அது உடம்பு அளவா, துணி அளவா என்று கவனியுங்கள். பலர் ஏமாறுவது அங்கேதான்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, முதுகு கூன் விழுந்துவிட்டது. நைட்டி மட்டும்தான் போடுகிறார். எந்த நைட்டி வாங்கினாலும் முன்கழுத்து தொண்டையில் ஏறி அழுத்துகிறது, முன்பக்கம் தரையில் புரள்கிறது, பின்பக்கம் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. "எனக்கு எதுக்குடி புதுசு" என்று பழசையே போட்டுக்கொள்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருவாரூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேலை பார்க்கவில்லை. வயசானவர்களின் துணியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. நீங்கள் கேட்டீர்கள்.

கூன் விழுந்த முதுகுக்குப் பின்துணி கூடுதல் நீளம் வேண்டும். ரெடிமேட் நைட்டி நிமிர்ந்து நிற்பவருக்கு வெட்டியது. பின்பக்கம் போதாமல், முன்பக்கத்தைப் பின்னால் இழுக்கிறது. கழுத்து அழுத்துவதற்கு அதுதான் காரணம். பெரிய சைஸ் வாங்கினால் தோள்தான் நழுவும்.

இப்படிச் செய்யுங்கள். அம்மாவைச் சாதாரணமாக, அவர் நிற்கிறபடியே நிற்கவிட்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து முதுகு வளைவின் மேலேயே டேப்பைப் படிய வைத்து கணுக்கால் வரை அளவு எடுங்கள். நிமிரச் சொல்லாதீர்கள். நைட்டியின் பின்பக்க நீளத்தையும் அளந்து பாருங்கள். எவ்வளவு குறைகிறதோ அந்த அகலத்துக்கு, தோளிலிருந்து ஐந்து அங்குலம் கீழே பின்துணியைக் குறுக்கே வெட்டி ஒரு பட்டை வைக்க வேண்டும். பட்டை நடுவில் முழு அகலம், இரண்டு கைக்குழிப் பக்கமும் போகப் போகக் குறுக வேண்டும். பழைய பருத்திப் புடவைத் துண்டு இதற்கு நல்லது, தழைந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட மறக்காதீர்கள்.

முன்பக்கம் புரளாமல் அடியை மடித்தே தீர வேண்டும். அழகுக்குச் சொல்லவில்லை, விழுந்துவிடக் கூடாது. நடுவில் அதிகமாகவும் பக்கங்களில் குறைவாகவும் மடித்துத் தையுங்கள். கை தூக்க முடியாமல் இருந்தால் தலைவழியாகப் போடும் நைட்டியே வேண்டாம். முன்பக்கம் இடுப்பு வரை திறந்து, பெரிய பட்டன் வைத்ததாக எடுங்கள். சின்னப் பிரஸ் பட்டனை அந்த விரல்களால் அழுத்த முடியாது.

அம்மாவின் பழைய நைட்டியில் எது அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டு, அதே துணி மாதிரி பார்த்து வாங்குங்கள். கழுத்து அழுத்தாவிட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

கேள்வி: கணவருக்குச் சட்டையில் தோள் சரியாக இருந்தால் வயிற்றுப் பட்டன் பிளக்கிறது.
– வாசகி, பாபநாசம்

பதில்: சட்டையின் பக்கத்தையல் மடித்து இரட்டையாக அடித்தது. உள்ளே விட துணியே இருக்காது. இவருக்குத் துணி எடுத்துத் தைத்துவிடுங்கள். 58 அங்குல அகலத் துணியில் சாதாரணமாக 1.60 மீட்டர் போதும். வயிறு இருப்பவருக்கு 1.80 வாங்கிவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் எந்த டெய்லரும் புதுத் துணி வாங்கமாட்டார், இப்போதே கொடுங்கள்.

கேள்வி: துணி வாங்கி வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் இறுக்கிப் பிடிக்கிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்கவே முடியாதா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அளவு சேராததையும் துணியில் குறை இருப்பதையும் பிரித்துப் பாருங்கள். அளவு சேரவில்லை என்பதற்காக மட்டும் சட்டத்தைக் காட்டுவது கஷ்டம். அதனால் பில் போடும்போதே, "சைஸ் சேரலன்னா எத்தனை நாளில் மாத்தலாம்?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள். ஆனால் தையல் பிரிந்திருந்தாலோ துணியில் குறை இருந்தாலோ கதை வேறு. பில்லில் காலக்கெடு போடாவிட்டால், 30 நாளுக்குள் அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான வணிகம். கடைக்காரர் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இன்னொன்று. வாங்கும் முன் உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான் தைக்கும் ஜாக்கெட்டில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விட்டு, மூன்று வரிசை தையல் போட்டிருப்பேன். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் நூல் தையலை ஒட்டி ஓடும், உள்ளே கால் அங்குலம்கூட இருக்காது. இரண்டு உடை ஒரே மாதிரி பிடித்திருந்தால், உள்ளே துணி விட்டிருப்பதை எடுங்கள். ரேயான் துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே ஆல்டர் செய்யக் கொடுங்கள். அது சுருங்கும்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. சின்னப் பிள்ளைகள் பிரிவில் எதுவும் ஏறவில்லை, பெரியவர்கள் பிரிவில் எல்லாம் தொளதொள. டிரையல் ரூமில் அழுதுவிட்டாள். இனி கடைக்கே வரமாட்டேன் என்கிறாள்.
– வாசகி, வலங்கைமான்

பதில்: அழைத்துப் போகாதீர்கள். இந்த வயசில் மாசத்துக்கு மாசம் உடம்பு மாறும், அவளுக்கே அது புதுசு. கடையில் நாலு பேர் பார்க்க "இது பத்தல, அது பத்தல" என்று சொல்லவே கூடாது, நீங்களும் சொல்லாதீர்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அளவை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். தோள், மார்பு, இடுப்பு, மேல்கை, நீளம். அந்தச் சீட்டோடு நீங்கள் மட்டும் போய், தோளுக்குச் சரியான பெரியவர்கள் சைஸாக எடுத்து, பக்கத்தைப் பிரித்து வெட்டாமல் உள்ளே பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் விட முடியாது.

பாவாடை சட்டை பிடிக்கும் பெண்ணாக இருந்தால் துணி எடுத்துவிடுங்கள். பாவாடையில் முழங்காலுக்குக் கீழே மூன்று டக் (குறுக்கு மடிப்பு) வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நூலைப் பெரிய தையலாகப் போடச் சொன்னால், உயரம் ஏறும்போது ஒவ்வொன்றாக நீங்களே வீட்டில் பிரித்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.