முப்பரிமாணம் வந்தபின் இருபரிமாண விளையாட்டுகளுக்கு இடமுண்டா?

முப்பரிமாண வீடியோ கேம்கள் பெருகிவிட்ட நிலையில் இருபரிமாண விளையாட்டுகள் மறைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறையாது என்பதே என் உறுதியான கருத்து. 1996-இல் 'சூப்பர் மாரியோ 64' மூலம் முப்பரிமாணத்துக்கு வழிகாட்டிய நிண்டெண்டோ என்ற விளையாட்டு நிறுவனமே 2023-இல் பக்கவாட்டில் நகரும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' விளையாட்டை வெளியிட்டது.

காரணம் பார்வையில் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்டும்போது, பக்கவாட்டுக் காட்சியில் அதன் அகலமும் கால் ஊன்றும் இடமும் ஒரே நோக்கில் தெரிந்துவிடுகின்றன. முப்பரிமாணத்திலோ ஆழத்தைக் கணிக்க வேண்டியிருப்பதால், பாத்திரத்தின் காலடியில் விழும் நிழலைப் பார்த்தே பலரும் குதிக்கிறோம். பக்கவாட்டுக் காட்சி தரும் துல்லியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

செலவும் ஒரு காரணம்தான்: 2016-இல் வெளியான 'ஸ்டார்டியூ வேலி' என்ற இருபரிமாண விளையாட்டின் நிரல், ஓவியம், இசை அனைத்தையும் எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கினார்.