ஜிபிஎஸ் அளவு ஐஆர்ஐ கணிப்பைவிட ஏன் கூடுகிறது?

தாழ் அட்சரேகையில் உங்கள் ஜிபிஎஸ் கருவி காட்டும் மொத்த எலக்ட்ரான் அளவு (செயற்கைக்கோளுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள எலக்ட்ரான்களின் கூட்டு), ஐஆர்ஐ என்ற சர்வதேச அயனி மண்டல மாதிரியின் கணிப்பைவிட இரவு பகல் எப்போதும் அதிகம், மதியத்துக்குப் பின் இன்னும் அதிகம் என்கிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

விடியலுக்கு முன் அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் உள்ள அடுக்கு, மெலிந்திருக்கும். அப்போதும் பெரிய இடைவெளி இருந்தால் கருவியின் சார்புப் பிழையைத்தான் (எல்லா அளவிலும் ஒரே மாதிரி சேரும் பிழை) முதலில் சந்தேகிப்பேன். அப்புறம், வழக்கமான ஐஆர்ஐ சுமார் 2000 கி.மீ. வரைதான் கூட்டும், செயற்கைக்கோள் இருப்பதோ 20,200 கி.மீ.யில். இடையிலுள்ள பிளாஸ்மாவும் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) உங்கள் கணக்கில் சேர்கிறது.

மதியக் கூடுதலுக்குக் காரணம் வேறு. பகல்நேர மின்புலம் காந்த நடுக்கோட்டின் மேலே பிளாஸ்மாவைத் தூக்க, அது காந்தக் கோடுகள் வழியே சரிந்து இருபுறமும் சுமார் 15 பாகையில் குவியும். அந்தக் குவியலின் முகடு நாளுக்கு நாள் நகரும். ஐஆர்ஐ தருவது மாதச் சராசரி நிலை. அதனால் ஒற்றை நாளை ஒப்பிடாதீர்கள். காந்தப்புயல் இல்லாத நாட்களின் இடைநிலை மதிப்பை, காந்த நடுக்கோட்டிலிருந்து அளக்கும் காந்த அட்சரேகைப்படி வைத்துப் பாருங்கள்.