பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் அந்தமான்: அவர்களுக்குச் சலிக்காமல் எப்படித் திட்டமிடுவது?

ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள், ஏப்ரல் விடுமுறை, ஒரு வாரம் அந்தமான், "மூன்றாம் நாளே சலித்துவிடுமோ?" என்ற பயம். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பயண முகவர் ஒருவர் அனுப்பிய அட்டவணை இந்நேரம் உங்கள் கைப்பேசியில் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் நாள் சிறை, மறுநாள் கடற்கரை, அதற்கு மறுநாள் இன்னொரு கடற்கரை, காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதன்படி போனால் சலிக்கத்தான் செய்யும். பதினாறு வயதில், யாரோ போட்ட பட்டியலுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்குப் பிடிக்கும்?

எங்களுக்கும் அதே போன்ற பட்டியல்தான் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தீவுகளைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்தோம். ஹேவ்லாக் மகளின் பொறுப்பு, நீல் தீவு மகனின் பொறுப்பு. செலவுக்கு ஓர் எல்லை, பாதுகாப்பு விஷயத்தில் எங்கள் சொல்லே முடிவு. இந்த இரண்டைத் தவிர, எங்கே போவது, எப்போது எழுவது, எதை விடுவது எல்லாம் அவர்கள் தீர்மானம். போர்ட் பிளேர் மட்டும் எங்களுக்கு. (அரசுப் பதிவுகளில் போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. டிக்கெட்டில் வேறு பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

"பிள்ளைகள் கையில் கொடுத்தால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள்" என்று இங்கே யாராவது எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கைப்பேசியில்தான் என் மகன் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைத் தேடி எடுத்தான். நீல் தீவில் கடல் அரித்து உண்டாக்கிய பாறை வளைவு ஒன்று உண்டு. நீர் வடிந்திருக்கும் நேரத்தில்தான் அதனடிக்கு நடந்து போக முடியும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதையும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக அதிகமாக உள்வாங்கும் என்பதையும் அவன் எங்களுக்கு வரைந்து காட்டினான். அதே வாரத்தில் மகள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஹேவ்லாக்கில் அலையாத்திக் காடுகளுக்கு இடையே இரவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள், துடுப்பு பட்ட இடத்திலெல்லாம் ஒளிரும். ஆனால் நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது. இருவரும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: அமாவாசை. நாங்கள் அதன்பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தோம்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். விமான டிக்கெட் எந்த நாளில் மலிவு என்று பார்ப்பதற்கு முன் ஏப்ரல் அமாவாசை எந்த நாளில் என்று பாருங்கள். ஏப்ரல் பொதுவாக அமைதியான கடல். மே மூன்றாவது வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும், ஆகவே மே மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகளும் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது, வேண்டும் என்று கேட்பார்கள், சந்தேகமே வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை, முன்பயிற்சி இல்லாவிட்டாலும், பயிற்றுநர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கடலுக்குள் கூட்டிப் போகிறார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அதனோடு ஓர் உடல்நலப் படிவமும் உண்டு. அந்தப் படிவத்தைக் கிளம்புவதற்கு வெகு முன்பே கேட்டு வாங்கினேன். அதில் ஆஸ்துமா, மூச்சிரைப்பு பற்றிய கேள்வி இருந்தது. என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. குளிர் மாதங்களில் இன்ஹேலர் இல்லாமல் அவள் பள்ளிக்குப் போவதில்லை.

முகவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "எல்லோரும் 'இல்லை' என்றுதான் டிக் செய்கிறார்கள், மேடம். மொத்தம் அரை மணி நேரம். ஒன்றும் ஆகாது" என்றார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். படிவத்தில் அந்தக் கேள்வி அதற்காகத்தான் இருக்கிறது. ஒரு தாயிடம் அதற்குப் பொய் எழுதச் சொல்கிறார், அதுவும் உதவி செய்யும் குரலில்.

மகளை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு, இந்த ஆண்டு வேண்டாம் என்றார். மிதவைச் சட்டையோடு நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி, குழாய் வழியாக மூச்சுவிட்டுக் கீழே பார்க்கும் ஸ்நார்கெலிங் செய்யலாம், இன்ஹேலர் படகில் இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும், "அப்படியானால் தம்பி மட்டும் போவானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருவருக்குமே ஸ்கூபா வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்றார் என் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்காவுக்கு மூச்சிரைப்பு என்பதற்காகத் தம்பியின் ஆசையை மறுத்தால், அந்தக் குறையைக் காலமெல்லாம் அவள் தலையில்தான் சுமத்துவோம். அவளிடமே கேட்டேன். ஹேவ்லாக் அவள் பொறுப்பு அல்லவா?

சில நாட்கள் கழித்து அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். தம்பியும் அப்பாவும் ஸ்கூபாவுக்குப் போகும் காலையில் அவளும் நானும் காலாபத்தர் கடற்கரை. இரவு கயாக் எல்லோருக்கும். மிதவைச் சட்டை கிடைக்குமா, இன்ஹேலரை நனையாமல் வைக்கப் பை தருவார்களா என்று கயாக் நடத்துபவர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுதிப் பதிலும் வாங்கியிருந்தாள். முகவரின் அட்டவணையில் இருந்த ஒரு பெரிய ஓட்டையையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அதில் ஸ்கூபா கடைசிப் பிற்பகல், விமானம் மறுநாள் காலை. கடலுக்கடியில் போய்வந்த பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது விடுவது நல்லது, இல்லாவிட்டால் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் ஆபத்தாக மாறலாம். ஸ்கூபாவை வாரத்தின் நடுவுக்கு அவள் மாற்றினாள். உங்கள் அட்டவணையிலும் இதைச் சரிபாருங்கள். சளி, காது அடைப்பு இருக்கும் பிள்ளையை அன்றைக்குக் கடலுக்குள் அனுப்பாதீர்கள், பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் சரி.

கயாக் இரவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, உங்கள் பிள்ளைகளே பார்க்கட்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் படகு வரிசையில் முன்னால் போனவள் என் மகள். வழிகாட்டி தமிழ் பேசுபவர். "அக்கா, உங்கள் மகள் துடுப்பு போடுவதைப் பாருங்கள், நான் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை" என்று என்னிடம் சொன்னார். எனக்கு வேறென்ன வேண்டும்?

முகவர் பாராடாங் தீவுப் பயணத்தையும் சேர்த்திருப்பார். சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தை ஊடுருவிப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்களை வரிசையாகக் காவலோடு அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. 1956ஆம் ஆண்டிலிருந்தே அந்த மக்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டவிதி இருக்கிறது. இவ்வளவும் தெரிந்தே, "அதிர்ஷ்டம் இருந்தால் ஆதிவாசிகளையும் பார்க்கலாம்" என்று முகவர் சொன்னார். ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு முன் ஆட வைத்த காணொளி 2012இல் வெளியாகி நாடே கொதித்ததை மகள் படித்திருந்தாள். "அவர்கள் வீட்டு வழியாக அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை, அம்மா" என்றாள். அந்த நாளை அப்படியே எடுத்துவிட்டோம். குகையை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் கேளுங்கள். பெரியவர்கள் எதிர்பார்க்காத தெளிவு அந்த வயதில் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையம் வகுப்பைத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் விடுப்பு கேட்டேன். "இந்த ஒரு வாரம்தான் உங்கள் பெண்ணின் தரவரிசையைத் தீர்மானிக்கும்" என்றார்கள். அதோடு விடவில்லை. பெற்றோர் குழுவில் தினமும் வராதவர்களின் பெயர்களைப் போட்டார்கள், கடலுக்கு நடுவிலும் என் மகளின் பெயர் வந்து விழுந்தது. ஆண்டு முழுவதும் விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்குக் கொடுத்த பிள்ளை அவள். வெயில் காலத்தில் ஒரு வாரம் வானத்தைப் பார்க்கக் கூடாதா? உறவினர்கள் வேறு. "பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாயா?" என்று என்னைத்தான் கேட்டார்கள், அவள் அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் விடுதிக்குப் போய்விட்டால், அதன்பின் அவளுடைய விடுமுறை நம்முடையது அல்ல. உங்களையும் இப்படி யாராவது கேட்டால் தயங்காமல் டிக்கெட் எடுங்கள்.

சரி, உங்கள் ஒரு வாரத்துக்கு வருகிறேன். நேரம் என்னவோ இந்திய நேரம்தான், ஆனால் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே 12 பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால் ஏப்ரலில் காலை ஐந்து மணியைத் தாண்டியதும் சூரியன் உதித்துவிடும், மாலை ஐந்தரைக்கு அஸ்தமனம். பத்து மணிவரை தூங்கும் பிள்ளைகளுக்கு அரைப் பகல் போய்விடும். அதற்காகத் தினமும் எழுப்பிச் சண்டை போடாதீர்கள். விடியலில் எழ வேண்டிய நாட்கள் எவை என்று அவர்களே குறிக்கட்டும், மற்ற நாட்களில் தூங்கட்டும். உச்சி வெயிலில் எப்படியும் வெளியே ஒன்றும் செய்ய முடியாது.

தீவுகளைக் குறையுங்கள். ஹேவ்லாக்கில் மூன்று இரவு, நீலில் இரண்டு, மீதி போர்ட் பிளேர். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும், கடல் பொங்கினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. செல்லுலார் சிறையை முதல் நாளே பாருங்கள். ஏழு கிளைகளில் மூன்றுதான் இப்போது மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால் கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. என் மகன் ஓர் அறைக்குள் போய் நின்று அதைச் சோதித்துவிட்டு வந்தான், அதன்பின் வெகுநேரம் கேள்விகள் கேட்டான்.

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடங்களில் குளிக்கவே வேண்டாம், உப்பு நீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை. இருட்டிய பின் குளிக்க யாரும் நீரில் இறங்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் பேரம் பேச இடமில்லாத விதியாக வைத்தோம், மகன் முகம் சுளித்தாலும் கேட்டுக்கொண்டான். பவளத்துண்டு, சங்கு எதையும் பையில் போட விடாதீர்கள். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணையிடப்பட்டவை, விமான நிலையச் சோதனையில் பிடித்தால் பிள்ளைக்குத்தான் அவமானம். அங்கே கைப்பேசி வேலை செய்யாது, அதனால் பிள்ளைகள் தானாகத் திருந்துவார்கள் என்று நம்பியும் போகாதீர்கள். சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் 2020 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, ஹேவ்லாக்கிலும் அது இருக்கிறது.

நான் முகவர் அல்ல, எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கவும் இல்லை. இது வசதியானவர்கள் பேச்சு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: பாராடாங்கை விட்டதிலும், ஒரு தடத்தில் அரசுக் கப்பலில் போனதிலும் மிச்சமான பணம்தான் எங்களுக்குக் கயாக் செலவு. அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். தனியார் கப்பலில் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே உட்கார வேண்டும். குமட்டல் உள்ள பிள்ளைக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள்.

தேதி முடிவானதும் விமானம், தீவுகளுக்கு இடையேயான கப்பல் டிக்கெட், அறைகள் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். ஏப்ரலில் கப்பல் இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் அடையாள அட்டை நகல்களை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், படகுத்துறையில் கேட்பார்கள்.