மச்சாளின் தோடும் அடைவில் கிடக்கும் சங்கிலியும்

கேள்வி: நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்து மணி கோர்க்கப் பழகினேன். இப்போது மாலையும் தோடும் சேர்ந்த செட், மாதம் முப்பது வரை கைக்காசுக்குப் போகிறது. சாமான் செலவு 450 ரூபா, விலை 1,200. ஒரு செட்டுக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். சொந்தக்காரருக்குத் தொடக்கத்தில் சொன்ன 800தான். அதையும் பிறகு தருவார்கள். கொப்பியில் 92,000 நிற்கிறது. கொழும்புக்கு மணி வாங்கப் போகும்போது காசு முட்டுப்பட்டால் சங்கிலியை அடைவு வைப்பேன். அது கூடிக்கூடி இப்போது 180,000, வட்டி மாதம் நூற்றுக்கு 2. மகளின் சாமத்திய வீட்டுக்கு ஆறு செட் வேண்டும் என்று மச்சாள் போன கிழமை செய்தி போட்டிருக்கிறா, நான் இன்னும் பதில் போடவில்லை. அண்ணன் 300,000 கடன் எடுத்து நிலாவெளியில் சின்னக் கடை போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. கடை ஓடிப்போகாது, அடுத்த வருஷமும் போடலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவது, தனி வங்கிக் கணக்கு திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்கைச் சதம் பிசகாமல் எழுதி அனுப்பிய ஆளுக்கு அதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு இடிப்பது அந்தக் கொப்பி.

92,000 ரூபாவை 800ஆல் பிரித்துப் பாருங்கள். 115 செட். அந்த 115 செட்டின் மணிக்கும் தங்கூசி நூலுக்கும் கொளுவிக்கும் நீங்கள் கையிலிருந்து போட்டது மட்டும் ஏறக்குறைய 52,000. விலையில் விட்டுக்கொடுத்தது 46,000. உழைத்த நேரம் 345 மணித்தியாலம். கைக்காசு தரும் அந்நியர் முழு விலை தருகிறார். கடனுக்கு எடுக்கும் சொந்தக்காரருக்கோ கழிவும் கொடுத்து, தவணையும் கொடுத்திருக்கிறீர்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது; அதற்குப் பிறகும் அவர்களுக்கு அதே 800.

கொப்பியில் காசு தூங்குவதால்தான் மணி வாங்கக் காசில்லை. காசில்லாததால்தான் சங்கிலி அடைவுக்குப் போகிறது. 180,000க்கு நூற்றுக்கு 2 என்றால் மாதம் 3,600. ஒரு செட்டில் உங்களுக்கு மிஞ்சுவது 750, ஆகவே மாதத்தில் ஐந்து செட் வட்டிக்கென்றே கோர்க்கிறீர்கள். பதினைந்து மணித்தியாலம் கண்ணைச் சுருக்கி ஊசியில் மணி ஏற்றி, அந்தக் காசை அப்படியே அடைவுக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். மச்சாள் காதில் ஆடுவது தோடு மட்டுமில்லை, உங்கள் சங்கிலியின் ஒரு துண்டும்தான். தவணை தப்பினால் அடைவு நகை ஏலத்துக்குப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

கொப்பிக் காசு முழுதும் வரும் என்று நம்பவேண்டாம். 60,000 வந்தால் நல்லது. கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள், கோயில் திருவிழா வரைக்கும் அந்தச் சண்டை ஓயாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகையை மட்டும் தனியாக அனுப்பி, “மணி எடுக்கக் கொழும்புக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்” என்று எழுதுங்கள். வருகிற காசை மணியில் போடாமல் நேரே அடைவுக் கடனில் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கட்டலாம் என்றால் கடன் 120,000க்கு இறங்கும், வட்டியும் 2,400 ஆகும். பிறகு மாதம் 15,000 வைத்தால் வட்டியோடு சேர்த்து ஒன்பது மாதத்தில் முடியும். வெள்ளைக்காரர் வருகிற சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். அதற்குப் பிறகு மழையில் விற்பனை பாதியாகும். அதனால் ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கடைக்கு வருவோம். வட்டியையே விட்டுவிட்டு 300,000ஐ இரண்டு வருஷத்துக்குப் பிரித்தாலும் மாதம் 12,500. முப்பது செட்டில் உங்களுக்கு மிஞ்சுவது 22,500. அதில் அடைவு வட்டி 3,600 போக, இந்தத் தவணையும் போனால் கையில் 6,400. இன்னும் கடை வாடகையைச் சொல்லவில்லை. வாடகை பன்னிரண்டு மாதமும் வரும், சீசன் ஐந்து மாதம்தான் வரும். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்காது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று வாங்குகிற கடனாக இருந்தால் பேச்சே எடுக்காதீர்கள்; வடக்குக் கிழக்கில் பெண்கள் அதில் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிலாவெளியில் ஆள் பழக்கம் வேண்டுமென்றால் தெரிந்த ஒரு கெஸ்ட் ஹவுசில் பத்து செட் தொங்கவிட்டு, கிழமைக்கொருதரம் எண்ணிக் காசு எடுங்கள்.

“ரெசின் நகை செய்து மாதம் லட்சம்” என்ற ஒன்லைன் வகுப்பு விளம்பரங்கள் உங்கள் போனுக்கும் வந்துகொண்டிருக்கும். அதில் லட்சம் பார்ப்பவர் வகுப்பு நடத்துபவர். தேவையானதை நீங்கள் இலவசமாகவே பழகியிருக்கிறீர்கள். புதுமைக்கென்று புறாத்தீவுப் பக்கம் பவளத் துண்டு பொறுக்கவும் வேண்டாம். 2003 முதல் அது தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

இனி வீட்டு ஆட்களுக்கும் 1,200தான். பிரியமானவர்களுக்கு வருஷத்தில் இரண்டு செட் சும்மா கொடுங்கள், அது பரிசு. 800க்குக் கடன் கொடுப்பது பரிசும் இல்லை, வியாபாரமும் இல்லை. அரைவாசிக் காசு வராமல் தங்கூசியை வெட்டாதீர்கள். மாமி முகத்தைத் திருப்புவா. எனக்கும் மாமி இருக்கிறா, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்.

இந்தப் பதிலை வாசித்து முடித்தவுடன் மச்சாளின் செய்திக்குப் பதில் போடுங்கள். ஆறு செட், 7,200 ரூபா. முற்பணம் 3,600 கிடைத்த அன்றே கோர்க்கத் தொடங்குவேன் என்று. உங்கள் சங்கிலிக்கு ஒரு மாத வட்டி அதுதான்.