ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் அடி வாங்கியிருக்கிறீர்களா?

வாங்கியிருக்கிறேன். திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக நைட் டியூட்டி பார்த்தபோது.

மாட்டுக்குச் சோளத்தட்டு எடுக்கப் போனவருக்குக் காலில் பாம்புக்கடி. ஆம்னி வேனில் ஐந்தாறு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, அப்புறம் சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியன் விஷம் நன்றாக ஏறியிருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடும். விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒவ்வாமையாகி உயிருக்கு ஆபத்தாகும். கேட்டவுடன் ஏற்றிவிட முடியாது.

இதெல்லாம் நமக்குத் தெரியும். அவருடைய தம்பிக்குத் தெரிந்தது, மேஜைமேல் அண்ணன் ரத்தம், பக்கத்தில் சும்மா நிற்கும் நர்ஸ்.

"ஏனுங்க, ரத்தத்தை எடுத்து வெச்சுட்டு வேடிக்கை பாக்கறீங்களா? ஊசியப் போடுங்க!"

20 நிமிடம் ஆகும் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் டிரேயைத் தட்டிவிட்டு என்னைத் தள்ளினார். கட்டில் கம்பியில் மணிக்கட்டு மோதியது; குழாய் உடைந்தது. கொடுமை என்னவென்றால் மறுபடி ஊசி குத்தி, மறுபடி முதலிலிருந்து 20 நிமிடம். இந்த முறை ரத்தம் உறையவே இல்லை. மருந்து ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "பையன் பதட்டத்துல பண்ணிப்போட்டான், உட்ருங்க அம்மிணி." எங்கள் மேலிடத்திலும் "எதுக்கும்மா வம்பு?" என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008-இல் சட்டம் வந்தது. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. புகார் எழுதினால்தானே அது வேலை செய்யும்? நான் எழுதவில்லை. 2024 நவம்பரில் கிண்டியில் ஒரு புற்றுநோய் டாக்டரை நோயாளியின் மகன் கத்தியால் குத்திய செய்தியைப் பார்த்த அன்று, அதை நினைத்து என்மேலேயே எரிச்சல் வந்தது.

இப்போது குழாயை வைத்ததும் எதற்கென்று சொல்லி, செல்போனில் 20 நிமிடத்துக்கு டைமர் வைத்துக் கூட வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். குடித்துவிட்டு வருபவரிடம் இது எடுபடாது, அதற்கு வாசலில் ஆள் வேண்டும். போன மாதம் ஒரு ஆத்தா செல்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இன்னும் நாலு நிமிசம் இருக்குது கண்ணு, நீ போய் மத்தவங்களப் பாரு."